மோவாயில் மட்டும் வரும் பரு: சாப்பாட்டை மாற்றினால் போகுமா?

வேளச்சேரி மழை (ஜூன் 3)

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 26. பள்ளிக்கூட நாட்களில் நெற்றியில் கொஞ்சம் பரு இருந்தது, கல்லூரி முடிவதற்குள் போய்விட்டது. போன வருடம் வேலைக்காகச் சென்னைக்கு வந்த பிறகு மறுபடி தொடங்கியிருக்கிறது. இந்த முறை மோவாயிலும் தாடை ஓரத்திலும் மட்டும். தோலுக்கு அடியில் சுண்டைக்காய் அளவுக்கு உருண்டு நிற்கும், தொட்டால் வலிக்கும். மாதவிலக்குக்கு ஒரு வாரம் முன்னால் இரண்டு மூன்று கிளம்பும். அமுங்கினால் கறுப்புத் தழும்பு. அது மங்குவதற்குள் அடுத்த கூட்டம் வந்துவிடும். மாதவிலக்கும் முன்போல் 30 நாளில் வருவதில்லை. 40, 45 நாள் ஆகிறது.

அம்மா உடம்புச் சூடு என்கிறார். அறைத்தோழி பாலை நிறுத்தச் சொல்கிறாள். அலுவலகத்தில் ஒரு அக்கா, பத்து நாள் பழச்சாறு மட்டும் குடித்தால் ரத்தம் சுத்தமாகிவிடும் என்கிறார். நலங்கு மாவு, கஸ்தூரி மஞ்சள், புதினா டீ மூன்றும் வாங்கி வைத்திருக்கிறேன். மாத்திரைக்குப் போகப் பயமாக இருக்கிறது. சாப்பாடு, இயற்கை மருத்துவம் இவற்றாலேயே சரியானவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எனக்கு எடை 49 கிலோதான், அதனால் பிசிஓஎஸ் (சூலகத்தோடு சேர்ந்த ஹார்மோன் கோளாறு) எல்லாம் இருக்காது என்று நினைக்கிறேன்.

வீடியோ மீட்டிங்கில் கேமராவைப் போடவே தயங்குகிறேன். அதுதான் இங்கே எழுத வைத்தது.

கோவை அம்மா (ஜூன் 3)

கண்ணு, முதலில் அந்தப் பழச்சாறு யோசனையை விட்டுவிடு. மற்றதை விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

செங்காந்தள் (ஜூன் 3)

எனக்கு 31 வயது, இதே தாடைப் பருவோடு ஏழு வருடம் போராடியவள். என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். பால், தயிர், கோதுமை, முட்டை, கடலை, தக்காளி என்று ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே போனேன். ஒரு கட்டத்தில் உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் இலை முன்னால் உட்கார்ந்து எதைத் தொடுவது என்று தெரியாமல் அழுதிருக்கிறேன். பரு அப்படியேதான் இருந்தது. கடைசியில் தோல் மருத்துவர் கொடுத்த மாத்திரையில்தான் அடங்கியது. சாப்பாட்டுக்கும் பருவுக்கும் சம்பந்தம் இல்லை என்று மருத்துவர்களே பல வருடம் சொல்லி வந்திருக்கிறார்கள். உங்கள் தட்டின் மேல் பழி போட்டுக்கொள்ளாதீர்கள் தோழி.

நெல்லை இயற்கை மருத்துவர் (ஜூன் 4)

நான் பி.என்.ஒய்.எஸ். (இயற்கை மருத்துவம், யோகா பட்டப்படிப்பு) படித்தவள். ஐந்தரை வருடப் படிப்பு. பத்து வருடமாகத் திருநெல்வேலிப் பக்கம் சிகிச்சை அளிக்கிறேன். இந்தப் பருவோடு வரும் பெண்களை வாரத்துக்கு நாலைந்து பேராவது பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மழை, நீங்கள் எழுதியதில் என் கண்ணில் முதலில் பட்டது பரு இல்லை, அந்த 40, 45 நாள். சுழற்சி 35 நாளைத் தாண்டிக்கொண்டே இருந்தால் சினைமுட்டை ஒழுங்காக வெளிவரவில்லை என்று பொருள் கொள்ள இடமிருக்கிறது. ஒல்லியாக இருப்பவர்களுக்கும் பிசிஓஎஸ் வரும். 2003-ல் ராட்டர்டாமில் வகுத்த அளவுகோலைத்தான் இன்றும் அடிப்படையாகக் கொள்கிறார்கள். சுழற்சி ஒழுங்கின்மை, ஆண் ஹார்மோன் மிகுதி (ரத்தத்திலோ, பரு, முகத்தில் முடி போன்ற அடையாளங்களிலோ), ஸ்கேனில் தெரியும் சூலகத் தோற்றம். இந்த மூன்றில் இரண்டு இருந்து, அதே போல் குழப்பக்கூடிய வேறு நோய்கள் இல்லை என்று உறுதியானால் பிசிஓஎஸ். எடை அந்தக் கணக்கிலேயே கிடையாது. எனவே எதைச் சாப்பிடலாம் என்ற கேள்விக்கு முன்னால் ஒரு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரப்புக்கான ஹார்மோன்), டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்), சர்க்கரை எல்லாம் பார்ப்பார்கள். மாதவிலக்கு தொடங்கிய இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் ரத்தம் கொடுப்பது வழக்கம். முடிக்காகப் பயோட்டின் மாத்திரை போடுகிறீர்கள் என்றால் பரிசோதனைக்குச் சில நாள் முன்பே நிறுத்திவிட்டு, அதை மருத்துவரிடமும் சொல்லுங்கள். தைராய்டு முடிவையே அது தவறாகக் காட்டக்கூடும்.

அப்புறம் பரு. தாடைப் பகுதியின் எண்ணெய்ச் சுரப்பிகள் ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோனுக்கு எளிதில் இசைந்து கொடுப்பவை. அந்த ஹார்மோன் பெண்களுக்கும் இயல்பாகவே உண்டு. பல பெண்களுக்கு ரத்தத்தில் அளவு சரியாகவே இருக்கும், தோல்தான் அதைக் கூடுதலாக உணரும். சுரப்பி எண்ணெயைக் கூட்டுகிறது, துளையின் வாயில் செத்த செல்கள் ஒட்டிக்கொள்கின்றன, உள்ளே கிருமி பெருகி வீக்கம் வருகிறது. சாப்பாடு இதில் எங்கே நுழைகிறது என்றால், இன்சுலின் வழியாக. இன்சுலின் அடிக்கடி உயர்ந்தால் சூலகம் ஆண்ட்ரோஜனைக் கூடுதலாகச் சுரக்கிறது. அதே சமயம் அந்த ஹார்மோனைப் பிடித்துக் கட்டி வைக்கும் ஒரு புரதத்தைக் கல்லீரல் குறைத்துவிடுகிறது. கட்டற்றுத் திரியும் ஹார்மோன் கூடுகிறது. அம்மா சொல்லும் 'சூட்டை' நான் அலட்சியப்படுத்துவதில்லை. மாம்பழக் காலத்தில் பரு வெடிக்கிறது என்பது அவர்கள் கண்ணால் பார்த்தது. காரணத்தை மட்டும் நான் வேறு இடத்தில், மாம்பழத்தின் சர்க்கரையில் தேடுகிறேன்.

பழச்சாறு விரதம் உங்களுக்கு வேண்டாம். நாரை வடிகட்டி எறிந்துவிட்டுச் சர்க்கரையை மட்டும் குடிப்பது அது. 49 கிலோ உள்ள பெண் பத்து நாள் பட்டினி கிடந்தால் சினைமுட்டை வெளியாவது இன்னும் தள்ளிப் போகலாம். இயற்கை மருத்துவத்தில் உபவாசம் உண்டு, ஆனால் அது ஆளைப் பார்த்து, மருத்துவர் கண்காணிப்பில் செய்வது.

ஒரு நாள் முழுக்க என்ன சாப்பிடுகிறீர்கள் என்று எழுதுங்கள். டீயையும் விடாமல்.

செங்காந்தள் (ஜூன் 4)

டாக்டர், சாப்பாடு இன்சுலின் வழியாக வருகிறது என்பது கேட்க நன்றாக இருக்கிறது. மனிதர்களிடம் சோதித்துப் பார்த்திருக்கிறார்களா? நான் ஏழு வருடத்தைத் தொலைத்தவள், அதனால் கேட்கிறேன்.

நெல்லை இயற்கை மருத்துவர் (ஜூன் 5)

கேட்க வேண்டிய கேள்விதான். 'சம்பந்தம் இல்லை' என்ற பேச்சுக்கு ஒரு பெரிய காரணம் 1969-ல் அமெரிக்காவில் நடந்த சாக்லேட் ஆய்வு. 65 பேருக்கு நாலு வாரம் சாக்லேட் கட்டியும், சாக்லேட் இல்லாத இன்னொரு கட்டியும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். பருவில் வித்தியாசம் இல்லை. ஆனால் அந்த இன்னொரு கட்டியிலும் சர்க்கரையும் கொழுப்பும் கிட்டத்தட்ட அதே அளவு. கோகோ குற்றவாளி இல்லை என்று வேண்டுமானால் அதை வைத்துச் சொல்லலாம். சர்க்கரையை அது சோதிக்கவே இல்லை. அந்த ஒரு ஆய்வின் நிழல் முப்பது வருடம் நீண்டது.

2002-ல் பாப்புவா நியூ கினியின் கிடாவா தீவில் 1,200 பேரைப் பரிசோதித்ததில் ஒருவருக்குக்கூடப் பரு இல்லை என்று எழுதினார்கள். கிழங்கு, தேங்காய், மீன், பழம் உண்பவர்கள். அது மரபாகவும் இருக்கலாம், வாழ்முறையாகவும் இருக்கலாம், அதிலிருந்து தனியாக உணவைப் பிரித்தெடுக்க முடியாது. 2007-ல் ஆஸ்திரேலியாவில் வந்ததுதான் நேரடிச் சோதனை. பரு உள்ள 43 இளைஞர்கள், 12 வாரம். சர்க்கரையை மெதுவாக ஏற்றும் உணவு, கூடுதல் புரதம் கொடுத்த பிரிவில் பரு எண்ணிக்கை சராசரியாக 23.5 குறைந்தது. வழக்கம்போல் சாப்பிட்டவர்களுக்கு 12 குறைந்தது.

இதன் குறையையும் சொல்ல வேண்டும். 43 பேரும் 15 முதல் 25 வயதுக்குட்பட்ட ஆண்கள். உணவை மாற்றியவர்களுக்கு எடையும் குறைந்தது, எதனால் பரு குறைந்தது என்பதில் அது கலந்துவிட்டது. உங்கள் தாடைப் பருவுக்கு இதை அப்படியே பொருத்திச் சொல்ல எனக்கு மனம் வராது. மாற்றாத பிரிவிலும் 12 குறைந்ததைப் பாருங்கள். பரு தானாகவே ஏறி இறங்கும், அதனால்தான் எதைச் சாப்பிட்டு நிறுத்தினாலும் அதுதான் காரணம் என்று தோன்றுகிறது. நீங்கள் தக்காளியையும் கடலையையும் நிறுத்தியதற்கு எந்த ஆதாரமும் இல்லை, உங்களை அந்த நிலைக்குத் தள்ளியவர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. உணவு உதவும், பாதிக் கிணறு தாண்ட உதவும். அதற்குமேல் என்னால் வாக்குக் கொடுக்க முடியாது.

வேளச்சேரி மழை (ஜூன் 5)

நன்றி டாக்டர். என் ஒரு நாள் இது.

காலை 7 மணிக்கு டீ, இரண்டு ஸ்பூன் சர்க்கரை, நாலு பிஸ்கட். 9 மணிக்கு விடுதி மெஸ்ஸில் நாலு இட்லி அல்லது பொங்கல், தேங்காய்ச் சட்னி. சில நாள் அம்மா அனுப்பிய சத்துமாவில் கஞ்சி, வெல்லம் போட்டு. 11 மணிக்கு டீ. மதியம் சாதம், சாம்பார், ஒரு கரண்டி பொரியல், அப்பளம். 4 மணிக்கு டீ, பஃப்ஸ் அல்லது கேக். 6 மணிக்கு இன்னொரு டீ. இரவு 10 மணிக்கு இரண்டு சப்பாத்தி அல்லது பரோட்டா. வேலை இருந்தால் வெறும் பிஸ்கட். தூங்க 1 மணி ஆகும்.

எழுதிப் பார்க்கும்போதுதான் பருப்பும் காயும் எவ்வளவு குறைவு என்று தெரிகிறது.

நெல்லை இயற்கை மருத்துவர் (ஜூன் 6)

நாலு டீ, எட்டு ஸ்பூன், ஸ்பூனுக்கு நாலைந்து கிராம் என்றால் 32 முதல் 40 கிராம் சர்க்கரை. பிஸ்கட்டும் கேக்கும் இன்னும் சேரவில்லை. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்தினால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். டீயை நிறுத்தச் சொல்ல மாட்டேன். இரண்டு டீ, அரை ஸ்பூன். முதல் வாரம் கஷ்டமாக இருக்கும், மூன்றாம் வாரத்தில் பழைய டீயைக் குடித்தால் திகட்டும்.

சத்துமாவுக் கஞ்சி பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் நிறையப் பேர் இதில்தான் ஏமாறுகிறார்கள். ராகி, கம்பு நல்லதுதான். ஆனால் வறுத்து, மைபோல அரைத்து, நீர்க்கக் காய்ச்சி, வெல்லம் போட்டால் அது வேகமாகச் சர்க்கரையை ஏற்றும். தானியம் எது என்பதோடு அது எந்த வடிவில் வாய்க்குள் போகிறது என்பதும் முக்கியம். அதே ராகியைக் களியாகக் கீரைக் கடைசலோடு சாப்பிட்டால் வேறு கதை. வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் ரத்தத்தில் சர்க்கரையாகத்தான் போய்ச் சேரும்.

மெஸ் சாப்பாட்டை நீங்கள் மாற்ற முடியாது, அதனால் அதற்குள்ளேயே செய்யக்கூடியதைச் சொல்கிறேன். நாலு இட்லியை இரண்டாக்கி, ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் முளைகட்டிய பயறோ சேருங்கள். பயறு ஊறப்போட அறையில் ஒரு டப்பா போதும். மதியம் பொரியலை இரண்டு கரண்டி கேட்டு வாங்கி, காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சாதத்துக்குப் போங்கள். இந்த வரிசைக்கே சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது. 4 மணிக்குச் சுண்டலோ ஒரு பிடி வேர்க்கடலையோ. சாப்பிட்டதும் பத்து நிமிடம் நடங்கள், மொட்டை மாடியில் நடந்தாலும் சரி. தசை வேலை செய்யும்போது சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது, அந்த அளவுக்கு இன்சுலின் தேவைப்படாது. இரவுச் சாப்பாடு 8 மணிக்கு, தூக்கம் 11 மணிக்கு. இந்த மாற்றங்களில் தூக்கம்தான் உங்களுக்குக் கடினமாக இருக்கும். அதில்தான் நான் பிடிவாதமாகவும் இருப்பேன். தூக்கம் குறைந்த மறுநாளே உடம்பு இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை.

எடை குறையக் கூடாது, உங்களுக்கு அது தேவையில்லை. மூன்று மாதம் கொடுங்கள். இன்று கண்ணுக்குத் தெரியும் பரு பல வாரங்களுக்கு முன்பே துளைக்குள் தொடங்கியது, அதனால் இரண்டு வாரத்தில் பலனைத் தேடாதீர்கள். ஆனால் ஒன்று, தோலில் குழி விழத் தொடங்கினால் எங்களைப் போன்றவர்களை நம்பிக் காத்திருக்காமல் உடனே தோல் மருத்துவரிடம் போங்கள். குழிக்கு இயற்கை மருத்துவத்தில் வழியில்லை.

கோவை அம்மா (ஜூன் 6)

டாக்டரம்மா, பால் பற்றிச் சொல்லவில்லையே? என் பையனுக்கு 19 வயது. உடற்பயிற்சிக்கூடத்தில் சேர்ந்து வே புரோட்டீன் பவுடர் குடிக்க ஆரம்பித்த இரண்டே மாதத்தில் முதுகெல்லாம் பரு. நிறுத்திய பிறகு குறைந்தது.

நெல்லை இயற்கை மருத்துவர் (ஜூன் 7)

வே புரோட்டீன் பற்றி நீங்கள் சொல்வது போன்ற அனுபவங்களைத் தோல் மருத்துவர்களும் பதிவு செய்திருக்கிறார்கள் அம்மா. அது பாலிலிருந்து எடுப்பது, இன்சுலினைத் தூண்டும். பாலைப் பொறுத்தவரை, அமெரிக்காவில் 47,000 செவிலியர்களிடம் பள்ளி நாட்களில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு 2005-ல் ஓர் ஆய்வு வந்தது. பால், குறிப்பாகக் கொழுப்பு நீக்கிய பால், கூடுதலாகக் குடித்ததாகச் சொன்னவர்களிடம் பரு சற்றுக் கூடுதல். ஆனால் பல வருடம் கழித்து நினைவிலிருந்து சொன்னது அது. தயிர், மோர் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. மழை, உங்களுக்கு டீயில்தான் பால், அதை இப்போதைக்குத் தொட வேண்டாம். ஒரே நேரத்தில் ஐந்தை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். 

மருந்தாளுநர், திருச்சி (ஜூன் 7)

இந்த இழையைப் படித்துக்கொண்டிருந்தேன். ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. சகோதரி, தழும்பு சீக்கிரம் மறைய வேண்டும் என்று யாராவது ஒரு கிரீமின் பெயரைச் சொன்னால் வாங்காதீர்கள். என் கடைக்குத் தினமும் இரண்டு மூன்று பேர் பழைய டியூபைக் கொண்டு வந்து அதே வேண்டும் என்று கேட்கிறார்கள். ஸ்டீராய்டு, நிறத்தை வெளுக்கும் ஹைட்ரோகுவினோன், தோலை உரிக்கும் டிரெட்டினாயின் மூன்றும் கலந்த கிரீம், இல்லையென்றால் பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. முதல் பத்து நாள் முகம் பளபளவென்று ஆகும், பரு அமுங்கும். அதனால்தான் பக்கத்து வீட்டுக்குப் பரிந்துரைக்கிறார்கள். மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து, சிவந்து, வெயில் பட்டாலே எரியும். நிறுத்தினால் முன்பைவிட மோசமாகப் பரு பொங்கும், மறுபடி அதையே தடவத் தோன்றும். 2018-ல் ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ஷெட்யூல் எச் பட்டியலில் சேர்த்தார்கள். இருந்தும் கிடைக்கிறது. என் தங்கை ஒருத்தி கல்யாணத்துக்கு முன்னால் எட்டு மாதம் தடவி, முகம் தேற ஒன்றரை வருடம் ஆயிற்று.

'மூலிகை' என்று எழுதி, உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத டப்பா கிரீம்களுக்கும் இதே எச்சரிக்கைதான். மூன்று நாளில் வெண்மை தந்தால் அதில் மூலிகை வேலை செய்யவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

காரைக்குடி ஆச்சி (ஜூன் 8)

மழைக் கண்ணு, நலங்கு மாவு வாங்கியதாகச் சொன்னாயே, அதில் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று பார்த்தாயா? நான் நாற்பது வருடமாக வீட்டில் அரைப்பவள். பச்சைப்பயறு, பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, காய்ந்த ரோஜா இதழ், இவைதான் என் கணக்கு. கடைகளில் கார்போகரிசியும் சேர்க்கிறார்கள். அது வெண்புள்ளிக்கு வைத்தியர்கள் கொடுக்கும் விதை. பூசிவிட்டு வெயிலில் நின்றால் தோல் கறுக்கும், சிலருக்குக் கொப்பளமே வரும். கறுக்க வைக்கத்தானே அதைக் கொடுப்பதே. முகத்தில் ஏற்கெனவே கறுப்புத் தழும்பு இருக்கிறவள் அதைத் தேய்த்துக் குளித்துவிட்டுக் காலையில் பஸ் ஏறினால் என்ன ஆகும்?

இன்னொன்று, நலங்கு மாவு உடம்புக்குத் தேய்ப்பது. வலிக்கும் பரு மேல் பருப்புக் குருணையை வைத்துத் தேய்த்தால் அது உடைந்து பரவும். முகத்துக்கு வேண்டாம் தாயி.

கஸ்தூரி மஞ்சள் பளிச்சென்று மஞ்சளாக இருந்தால் சந்தேகப்படு. உண்மையான கிழங்கு உள்ளே வெளிறித்தான் இருக்கும், கற்பூர வாசம் அடிக்கும். வேறு கிழங்கை அரைத்து அந்தப் பெயரில் விற்பது நெடுநாளாக நடக்கிறது.

நெல்லை இயற்கை மருத்துவர் (ஜூன் 8)

ஆச்சி, கார்போகரிசி பற்றி நீங்கள் சொன்னதை என் கிளினிக் சுவரில் எழுதி ஒட்டலாம். அதிலுள்ள சோராலன் என்ற பொருள் சூரிய ஒளியோடு சேரும்போதுதான் வேலை செய்கிறது. எலுமிச்சைச் சாற்றிலும் இதே குடும்பத்துப் பொருள்கள் உண்டு, அதோடு கடும் அமிலம். எலுமிச்சையைப் பூசிக்கொண்டு வெயிலில் போய், கன்னத்தில் வழிந்த தடம் அப்படியே கறுத்துப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உப்புக்காற்று (ஜூன் 8)

வேப்பிலை? நான் தினமும் காலையில் கொழுந்து மென்று விழுங்குகிறேன். அப்புறம் டீ ட்ரீ எண்ணெய், அஸ்வகந்தா, அதிமதுரம், இதெல்லாம்?

நெல்லை இயற்கை மருத்துவர் (ஜூன் 9)

டீ ட்ரீ எண்ணெய்க்கு ஆதாரம் உண்டு. 1990-ல் ஆஸ்திரேலியாவில் 124 பேரிடம் 5% டீ ட்ரீ ஜெல்லையும் பருவுக்கு வழக்கமாகத் தடவும் மருந்தான 5% பென்சாயில் பெராக்சைடையும் ஒப்பிட்டார்கள். இரண்டிலும் பரு குறைந்தது. எண்ணெய் மெதுவாக வேலை செய்தது, எரிச்சல் குறைவு. 5% என்பதைக் கவனியுங்கள். பாட்டிலிலிருந்து அப்படியே தொட்டு வைத்தால் தோல் வெந்துவிடும். தாடையின் ஆழமான கட்டிக்கு இது எட்டாது.

புதினா டீ துருக்கியிலிருந்து வந்த பேச்சு. முகத்தில் கூடுதல் முடி வளரும் 21 பெண்களுக்கு ஐந்து நாள், தினம் இரண்டு கோப்பை கொடுத்ததில் கட்டற்ற டெஸ்டோஸ்டிரோன் குறைந்ததாக 2007-ல் எழுதினார்கள். பிறகு 42 பெண்களிடம் ஒரு மாதம் பார்த்தபோதும் ஹார்மோன் குறைந்தது, ஆனால் முடியின் அளவில் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் இல்லை. பருவை இரண்டிலும் அளக்கவே இல்லை. சர்க்கரை இல்லாமல் குடியுங்கள், தீங்கில்லை, அதை மட்டும் நம்பியிருக்காதீர்கள்.

அதிமதுரம் நாட்கணக்கில் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். அஸ்வகந்தாவால் கல்லீரல் பாதித்தவர்கள் உண்டு, மஞ்சளை மிளகுச் சத்தோடு சேர்த்து அடைத்த மாத்திரைகளாலும் அப்படி நடந்திருக்கிறது. குழம்பில் போடும் மஞ்சளைச் சொல்லவில்லை. வேப்பிலையைத் தினமும் விழுங்குவதை, குழந்தைக்கு முயற்சி செய்பவர்களும் கர்ப்பிணிகளும் கண்டிப்பாக நிறுத்த வேண்டும். மற்றவர்களுக்கும் பருவுக்காக அதை நான் சொல்வதில்லை.

மண் பட்டி பற்றி யாராவது கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். குளிர்ந்த மண் பூச்சு எரிச்சலையும் வலியையும் தணிக்கும். எங்கள் துறையின் அழகான சிகிச்சை அது. ஆனால் அது ஹார்மோனை மாற்றும் என்று சொல்லி இருபது நாள் கட்டணம் வாங்கும் இடங்கள் உண்டு. அரும்பாக்கத்தில் அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மழை, வேளச்சேரியிலிருந்து அங்கே போய்விடலாம். பணம் பறிக்கும் இடங்களுக்குப் போக வேண்டியதில்லை.

காரைக்குடி ஆச்சி (ஜூன் 9)

தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு படுக்கிறாயா கண்ணு?

வேளச்சேரி மழை (ஜூன் 9)

ஆமாம் ஆச்சி, தினமும் தேங்காய் எண்ணெய். அம்மா பழக்கியது.

காரைக்குடி ஆச்சி (ஜூன் 9)

காலையில் வைத்துக் குளித்துவிடு. ராத்திரி வைத்தால் தலையணையில் இறங்கி, முகம் முழுக்க அதில்தான் கிடக்கும். தலையணை உறையை வாரம் இரண்டு முறை மாற்று.

வேளச்சேரி மழை (ஜூலை 11)

சொன்னபடி மகப்பேறு மருத்துவரைப் பார்த்தேன். டெஸ்டோஸ்டிரோன் வரம்பைவிடக் கொஞ்சம் கூடுதல், ஸ்கேனிலும் தெரிகிறது. பிசிஓஎஸ் என்று சொல்லிவிட்டார்கள். தைராய்டு சரியாக இருக்கிறது. அன்று பஸ்ஸில் வரும்போது அழுகையாக வந்தது. அம்மாவிடம் சொல்ல இரண்டு நாள் ஆயிற்று. சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, குழந்தை பிறக்குமா என்பதுதான்.

மருத்துவர் கருத்தடை மாத்திரை ஒரு வழி என்றார். மூன்று மாதம் உணவையும் தூக்கத்தையும் மாற்றிப் பார்க்கிறேன் என்று கேட்டேன். சரி, ஆனால் மூன்று மாதம் மாதவிலக்கே வராமல் போனால் உடனே வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

செங்காந்தள் (ஜூலை 11)

தோழி, எனக்கும் பிசிஓஎஸ்தான். அம்மாவிடம் சொல்லுங்கள், பிசிஓஎஸ் உள்ள பெரும்பாலான பெண்களுக்குக் குழந்தை பிறக்கிறது, சிலருக்குச் சிகிச்சை தேவைப்படும், அவ்வளவுதான். என் மகளுக்கு இப்போது இரண்டு வயது.

மாத்திரை பற்றிப் பயம் என்று எழுதியிருந்தீர்கள். எனக்குக் கொடுத்தது ஸ்பைரோனோலாக்டோன், ஆண் ஹார்மோனின் வேலையைத் தடுக்கும் மாத்திரை. இங்கிலாந்தில் 410 பெண்களிடம் சோதித்து 2023-ல் முடிவு வெளியிட்டார்கள், ஆறு மாதத்தில் நல்ல வித்தியாசம் தெரிந்தது. கர்ப்பமாகக் கூடாது, அதனால் நான் குழந்தைக்குத் திட்டமிட்டபோது மருத்துவரிடம் சொல்லி முன்கூட்டியே நிறுத்தினேன். மருந்து எடுப்பதைத் தோல்வி என்று மட்டும் நினைக்காதீர்கள். நான் அப்படி நினைத்துத்தான் ஏழு வருடம் தள்ளிப்போட்டேன், என் கன்னத்துக் குழிகள் அந்த வருடங்களில் விழுந்தவை.

நெல்லை இயற்கை மருத்துவர் (ஜூலை 12)

செங்காந்தள் எழுதியதோடு எனக்கு முழுச் சம்மதம். மழை, உணவு மாற்றம் மருந்தோடு சேர்ந்தும் நடக்கலாம். பிசிஓஎஸ் உள்ளவர்களுக்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோய் வர வாய்ப்பு கூடுதல். அதனால் நீங்கள் இப்போது பழகும் சாப்பாடு பரு போன பிறகும் வேண்டியிருக்கும்.

வேளச்சேரி மழை (செப்டம்பர் 14)

கொஞ்ச நாள் எழுதவில்லை, மன்னியுங்கள்.

ஜூலைச் சுழற்சி 41 நாள், அடுத்தது 34. ஜூலையில் மோவாயில் ஐந்து கட்டி வந்தது, எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். ஆகஸ்டில் இரண்டு. இந்த முறை ஒன்று, வலியும் குறைவு. டீ இரண்டாகிவிட்டது. டாக்டர் சொன்னபடி பழைய டீ இப்போது திகட்டுகிறது. விடுதியில் என்னோடு இன்னும் மூன்று பேர் பயறு ஊறப்போடுகிறார்கள். இரவு சாப்பிட்டதும் நாங்கள் நாலு பேரும் மாடியில் நடக்கிறோம், அதுதான் நாளிலேயே எனக்குப் பிடித்த நேரம். தூக்கம் மட்டும் 11 மணிக்கு வரவில்லை, 12 ஆகிறது. எடை 49-லேயே நிற்கிறது.

கறுப்புத் தழும்பு தானாக மங்கவில்லை. போன மாதம் தோல் மருத்துவரிடம் போனேன். இரவில் தடவ அடாபலீன் என்ற பரு ஜெல்லும் பகலுக்கு சன்ஸ்கிரீனும் கொடுத்தார். முதல் இரண்டு வாரம் தோல் உரிந்தது, இப்போது பரவாயில்லை. நலங்கு மாவைக் கை கால்களுக்கு மட்டும் தேய்க்கலாம் என்று வைத்திருந்தேன், பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் ஆச்சி சொன்ன கார்போகரிசி நாலாவது பெயராக இருக்கிறது. தூக்கிப் போட்டுவிட்டேன்.

ஆச்சி, உங்கள் கணக்கில் ஒவ்வொன்றும் எத்தனை கிராம் என்று எழுதுவீர்களா? தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது அம்மாவோடு சேர்ந்து அரைக்கலாம் என்றிருக்கிறேன்.

காரைக்குடி ஆச்சி (செப்டம்பர் 14)

எழுதுகிறேன் தாயி. பச்சைப்பயறு அரைக் கிலோ எடுத்துக்கொள். பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, ரோஜா இதழ் ஒவ்வொன்றும் ஐம்பது கிராம். கிழங்கும் வேரும் நன்றாகக் காயவில்லை என்றால் பூச்சி பிடிக்கும், இரண்டு வெயில் கூடுதலாகவே வை. ரைஸ் மில்லில் கொடுக்கும்போது மிளகாய் அரைத்த கையோடு அரைத்துவிடாமல் முன்கூட்டியே சொல்லிவிடு. அம்மாவையும் கேட்டதாகச் சொல்.